2,350 வெள்ளியும் அம்மாவின் பதினொரு நாளும்: மூலிகைச் சந்தா கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

இதைக் கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 2,350 மலேசிய வெள்ளி போய்விட்டது. அதைவிடப் பெரியது, 82 வயதான என் அம்மா பதினொரு நாள் அரசு மருத்துவமனையில் கிடந்துவிட்டுச் சென்ற வியாழக்கிழமைதான் வீடு திரும்பினார். புகார் அதிகாரிகளின் கையில் இருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். கைப்பேசிச் செயலி ஒன்றில் கடை வைத்து, வார இறுதிச் சந்தைகளில் மேசையும் போட்டு, 'இயற்கை வாழ்வு' என்ற பெயரில் மாதந்தோறும் மூலிகைப் பெட்டி அனுப்புவதாக ஆள் சேர்க்கும் சந்தா வியாபாரம் அது. பினாங்கில் இப்படிப்பட்ட மேசைகள் இப்போது பெருகியிருக்கின்றன.

நான் 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நலக்கல்விப் பாடவேளையில் மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படாதபாடு படுத்தியிருக்கிறேன். ஏமாறுகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று யாரேனும் நினைத்துக்கொண்டிருந்தால், என்னைப் பாருங்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த இயற்கைப் பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். செக்கு எண்ணெய், பூந்திக்கொட்டைச் சோப்பு, கேமரன் மலைக் காய்கறி என்று மேசைகள் வரிசையாக இருந்தன. ஒரு மேசைக்கு மேல் கட்டியிருந்த பதாகையில் 'மூளிகை' என்று எழுதியிருந்தது. பழக்கதோஷம், லகரத்தைத் திருத்தச் சொன்னேன். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்து, "மன்னிச்சிடுங்க டீச்சர், அச்சடிச்சவன் தப்பு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் ஆசிரியை என்று அவரிடம் சொல்லவே இல்லை. அப்போதே ஆளை எடைபோடத் தெரிந்தவர் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னேன். உடனே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பூந்தொட்டியை எடுத்து வைத்தார், முடக்கத்தான் கொடி. பலூன் போல உப்பியிருந்த ஒரு காயைக் கிள்ளி, உள்ளே இருந்த கறுப்பு விதையை என் உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் இருக்கும் வெள்ளை இதய வடிவத்தைக் காட்டினார். "முடக்கு அறுத்தான் டீச்சர், அதுதான் முடக்கத்தான். பெயரிலேயே மருந்து இருக்கு" என்றார். என் பாட்டி நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது இந்தக் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசை சுடுவார். வேலியோரத்தில் நின்று அதே விதையை எண்ணி விளையாடிய பிள்ளை நான். அந்த இடத்தில் நான் வாங்குபவளாக இல்லை, பேத்தியாகிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் காட்டிய குப்பியில் கொடியில் உள்ளதுதான் இருக்கிறதா என்று கேட்கும் எண்ணமே எழவில்லை.

ஆனாலும் பழக்கம் விடாமல் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துகளில் இருக்க வேண்டிய 'எம்ஏஎல்' பதிவு எண் இருந்தது. எட்டு இலக்கங்கள், பாரம்பரிய மருந்துக்கு உரிய 'டி' என்ற எழுத்து கடைசியில். பக்கத்தில் மினுமினுக்கும் ஒட்டுவில்லையும் இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் திருப்தியடைந்தேன். பதாகையில் ஒரு லகரப் பிழையைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அந்த எண் யாருடையது என்று பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் அவர் பணமே கேட்கவில்லை. பத்து மாத்திரைகளை ஒரு சிறு பையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று கொடுங்கள், பலன் தெரிந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார். எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில் மின்தூக்கி இல்லாத அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஓராண்டாக மருத்துவச் சோதனைக்கு மட்டுமே படியிறங்கிக்கொண்டிருந்த அம்மா, மூன்றாம் நாள் காலையில் தாமே கைப்பிடியைப் பிடித்து இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். யார் கையையும் பிடிக்காமல் பிராகாரத்தைச் சுற்றி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே பணத்தைக் கட்டினேன்.

மாதம் 235 வெள்ளி. ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பதால் 2,350 வெள்ளி. செயலி வழியாகக் கட்டினால் தரகுப் பணம் பிடிப்பார்கள், அந்தக் காசுக்கு உங்களுக்கு ஒரு குப்பி தேன் அனுப்புகிறேன் என்று சொல்லி, நேரடியாக ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தார். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டேன். "நம்ம கணக்காளர்தான் டீச்சர்" என்றார். அனுப்பிவிட்டேன்.

முதல் பெட்டி வந்தது: அறுபது மாத்திரை, முருங்கை இலைத் தூள், திரிபலா, தேன். அடுத்த மாதம் இரண்டாவது பெட்டியும் வந்தது, தேன் இல்லாமல். மூன்றாவது பெட்டி வரவே இல்லை, வந்திருந்தாலும் பயனில்லை.

ஐந்தாவது வாரத்தில் அம்மாவின் முகம் உருண்டு பளபளத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாகத் தேறிவிட்டார் என்றார்கள், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு முன்கையில், வளையல் உரசும் இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியது. எப்போதும் லிட்டருக்கு 7 மில்லிமோலை ஒட்டி நிற்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 16.8 காட்டியது. விற்றவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படம் எடுத்து அனுப்பினேன். "உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது டீச்சர், இது நல்ல அறிகுறி, நிறுத்திவிடாதீர்கள்" என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை நம்பி மேலும் நான்கு நாள் என் கையால் கொடுத்தேன். இந்த வரியை எழுதும்போது என் மேல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன் பிறகு பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினேன். நிறுத்திய மூன்றாம் நாள் அம்மா வாந்தி எடுத்து, குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்சில் ஏற்றும்போது இரத்த அழுத்தம் மிகக் கீழே இருந்தது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "பாட்டி வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார். "மூலிகைதான், எல்லாம் இயற்கை" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத 'மூலிகை' மாத்திரைகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலப்பது அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துவரும் மோசடி. ஸ்டீராய்டு மூட்டின் வீக்கத்தைச் சில நாட்களிலேயே அடக்கிவிடும்; ஆகவே நோயாளி எழுந்து நடப்பார். தொடர்ந்து எடுத்தால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தோல் மெலிந்து கன்றும். வெளியிலிருந்து வருவதைப் பார்த்து, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடல் நிலைகுலைந்துவிடும். அம்மாவின் இரத்தத்தில் காலை நேரக் கார்ட்டிசோல் அளவு மிகவும் தாழ்ந்திருந்ததை வைத்து அவர் இந்த முடிவுக்கு வந்தார். மாத்திரையின் ஆய்வு முடிவு இன்னும் எனக்கு வரவில்லை. ஆனால் மூன்றே நாளில் முடக்கத்தான் யாரையும் மூன்று மாடி இறக்காது என்பது என் பாட்டியைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். என்னை நம்பவைத்த அந்தக் கோயில் நடையே கலப்படத்தின் வேலை.

அன்றிரவு மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடி, தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் அந்தப் பதிவு எண்ணை அடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எண் உண்மையானதுதான், ஆனால் அது வேறொரு நிறுவனத்தின் வெளிப்பூச்சுத் தைலத்திற்கு உரியது.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதையைச் சொல்கிறேன். முதல் அழைப்பில், டீச்சர் பதற்றப்படுகிறீர்கள், அம்மாவின் வயதைப் பாருங்கள் என்றார். இரண்டாவது அழைப்பில், தாம் விற்பனையாளர் மட்டும்தான், மாத்திரை ஜொகூரிலிருந்து வருகிறது, தயாரித்தவரைக் கேட்க வேண்டும் என்றார். தயாரித்தவரின் எண்ணைக் கேட்டதற்கு 'வணிக இரகசியம்' என்றார். மூன்றாவதாக ஓர் உதவியாளர் பெண், சந்தாத் தொகை எக்காரணத்தாலும் திருப்பித் தரப்பட மாட்டாது என்ற நிபந்தனையைப் படம் பிடித்து அனுப்பினாள். அந்தத் தாளை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. நான் விடாமல் கேட்டதும், நல்லெண்ண அடிப்படையில் 150 புள்ளிகள் தருகிறோம், அதில் சோப்பும் தலைமுடி எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம் என்று செய்தி வந்தது. அம்மாவுக்கு மூச்சுக்குழாய் மாட்டியிருக்கும்போது எனக்குச் சோப்பு. செயலி நிறுவனமோ, பணம் எங்கள் வழியாக வராததால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை அனுப்பியது. இப்போது அந்த ஆளின் முகப்புப் படம் மறைந்துவிட்டது; செய்தி அனுப்பினால் போய்ச் சேராமல் ஒற்றைச் சரிக்குறியோடு நிற்கிறது. 2,350 வெள்ளியில் ஒரு காசு வரவில்லை.

மிஞ்சிய 41 மாத்திரைகளையும் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவருடைய துண்டறிக்கையையும் கொடுத்தேன். அதில் மூட்டுவலியோடு சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் குணமாகும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயையும் சிறுநீரக நோயையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. பணத்திற்காகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நேற்று மனுப் போட்டேன்; கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

நேற்றிரவு அம்மாவுக்கு முழங்கால் வலி திரும்பிவிட்டது. "அந்த மாத்திரை ஒன்றாவது வைத்திருக்கிறாயா அம்மா?" என்று என்னைக் கேட்டார். தூக்கம் போய்விட்டது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எம்ஏஎல் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள், அது எந்தப் பொருளுக்கு உரியது என்று தேடிப் பாருங்கள். பச்சிலை மூன்று நாளில் வலியைப் போக்கினால் மகிழாதீர்கள், பயப்படுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், குப்பியோடு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு உடனே உணர்ந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

இதே மாதிரிச் சந்தாவில் பணம் கட்டியவர்கள் இருந்தால், பெட்டியின் மேலட்டையையும் அனுப்புநர் சீட்டையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அமலாக்க அதிகாரி என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான். நான் இரண்டையும் பழைய செய்தித்தாள் வாங்குபவரிடம் போட்டுவிட்டேன்.