மும்பையின் பிளேக் மருத்துவமனைகளைச் சுற்றிவந்த ஒரு காலை

1896ஆம் ஆண்டு பிளேக் நோயாளிகளைத் தனிமைப்படுத்திய இடங்களைச் சுற்றிக்காட்டும் நான்கு மணி நேர வழிகாட்டி உலாவுக்கு, மாட்டுங்காவிலிருந்து நாங்கள் மூவர் சென்ற சனிக்கிழமை போய்வந்தோம். வேன் பயணமும் தேநீரும் சேர்த்துத் தலைக்கு 700 ரூபாய்.

தோபி தலாவில் மருத்துவர் வியேகாஸின் சிலையடியில் உலா தொடங்குகிறது. மாண்ட்வியில் பரவிய காய்ச்சல் பிளேக்தான் என்று 1896 செப்டம்பரில் அறிவித்தவர் அவர். இந்தப் பகுதியை வழிகாட்டி கச்சிதமாகச் சொன்னார்.

ஆர்தர் ரோடு மருத்துவமனை, அதாவது இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனைதான் ஏமாற்றியது. 2020இல் கொரோனா நோயாளிகளைச் சேர்த்த அந்த இடம் இன்றும் தொற்றுநோய் மருத்துவமனையாகவே இயங்குவதால், உள்ளே விடாதது நியாயமே. ஆனால் வாசலில் பத்து நிமிடம் நின்று, 1896 அக்டோபரில் மில் தொழிலாளர்கள் இதைத் தாக்கியதற்கு 'அறியாமை' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்ததை ஏற்க முடியவில்லை. அங்கே போனவர்களில் பலர் பிணமாகவே திரும்பினர். விக்டோரியா அரசியின் சிலைமீது தார் பூசியதற்கு அரசி உயிர்ப்பலி கேட்கிறார் என்ற வதந்தியும் ஊரில் உலவியது. மருத்துவமனையில் பிறர் தொட்ட உணவுக்கும் அந்நிய ஆண்களின் பரிசோதனைக்கும் அஞ்சியவர்கள் ஏழைகள் மட்டுமல்லர் என்பதற்கு, பார்சிகள் உள்ளிட்ட சமூகத்தினர் தமக்கெனத் தனி பிளேக் மருத்துவமனைகளை அமைத்துக்கொண்டதே சான்று. வழிகாட்டி அதைச் சொல்லவே இல்லை.

பரேலில், பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய விஞ்ஞானி ஹாஃப்கினின் பெயரைத் தாங்கிய ஹாஃப்கின் நிறுவனத்தைப் பார்த்தபோது கொடுத்த காசு செரித்தது. ஆளுநரின் மாளிகையாக இருந்து, 1882இல் ஆளுநரின் மனைவியே காலராவில் இறந்த பிறகு மெல்லக் கைவிடப்பட்டு, பிளேக் காலத்தில் மருத்துவமனையாகி, 1899இல் ஆய்வுக்கூடமான அந்தக் கட்டடத்தின் கதையை வழிகாட்டி அருமையாகச் சொன்னார். ஹாஃப்கின் தன் தடுப்பூசியை 1897 ஜனவரி 10 அன்று தனக்கே போட்டுப் பார்த்ததையும், பிறகு பைகுல்லா சிறைக் கைதிகளிடம் சோதித்ததையும் விளக்கினார். நிறுவனமே 1925இல்தான் தோன்றியது என்றது மட்டும் பிழை. அது பெயர் மாற்றிய ஆண்டு.

விளக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. உடன் வந்த என் அத்தை பாதி நேரம் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 1890இல் தொடங்கிய வடாலா ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையில் அருங்காட்சியகமே இருக்கிறது. அதை இந்த உலாவில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டதற்கு, "அது தனி உலா" என்றார்கள். அதற்கும் 700 ரூபாயாம்.