பக்கிக்கு எது தோது: தட்டு எல்எஸ்டியா, டோர்சனா, லாக்கரா?

தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து மண்பாதையில் மழை நாளில் பக்கி ஓட்டியவர்களுக்குத் தெரியும். நாலு சக்கரமும் இழுக்கும் என்று பெயர். சேற்றில் சுற்றுவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். (பிக்கப்பை இங்கே எல்லாரும் பக்கி என்றுதான் சொல்வோம். சென்னையிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் முதலில் தன்னைத் திட்டுவதாக நினைத்துவிட்டார்.)

காரணம் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதற்காக வைத்தது அது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான் (சக்கரத்தைச் சுழற்றும் திருப்புவிசை) கொடுக்கும். சேற்றுச் சக்கரம் 200 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கினால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 200தான்.

இதைச் சமாளிக்க மூன்று வழி. முதலாவது தட்டு எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), பழைய பக்கிகளின் பின் அச்சில் இருக்கும். உள்ளே கிளட்ச் தட்டுகளை அடுக்கி ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருப்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பல்சக்கரங்கள் விலகித் தள்ளி, தட்டுகளை இன்னும் இறுக்கும். வழுக்கும் பக்கத்தை அந்த உராய்வு பிடித்துக்கொள்ள, மறுபக்கம் கூடுதல் டார்க் போகும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம். ஆனால் தட்டு தேயும். உராய்வு மருந்து கலந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். காசு மிச்சம் என்று நான் ஒருமுறை சாதாரண கியர் ஆயில் ஊற்றினேன். வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் பின்னால் கடகட என்று சத்தம். "என்ன தம்பி, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா?" என்றார் மாமா.

பழைய வண்டி வாங்குபவர்கள் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் தட்டு போய்விட்டது. அதில் எல்எஸ்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டோர்சன் இன்னொரு வகை எல்எஸ்டி, அதில் தட்டே கிடையாது. சாய்வுப் பற்கள் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். தேய்மானம் மிகக் குறைவு, ஸ்டியரிங்கை அதிகம் இழுக்காது என்பதால் முன் அச்சுக்கும் பொருந்தும். 3க்கு 1 விகித டோர்சன் என்றால் வழுக்கும் சக்கரம் 200 தாங்க, மறுபக்கம் 600 வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பிரேக்கை லேசாக மிதித்து அந்தச் சக்கரத்துக்குப் பளு கொடுத்துச் சமாளிக்கலாம், கால் பழகியிருந்தால்.

லாக்கருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஒன்று காற்றில் சுற்றினாலும் மற்றது இழுக்கும். அண்டர்பெர்க் ஊரைத் தாண்டி, லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். உச்சி 2,876 மீட்டர், தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்கு மேல் நாலு சக்கர வண்டிக்கு மட்டுமே அனுமதி. நல்ல நாளில் லாக்கர் தேவையே படாது. மழை அரித்த பள்ளத்தில் சக்கரம் தூக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பள்ளம் தாண்டியதும் உடனே எடுத்துவிடுங்கள். பூட்டியபடி ஹேர்பின் திரும்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும், நேரே இருப்பது பாதாளம்.

புது வண்டிகளின் டிராக்ஷன் கன்ட்ரோல், சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஏறக்குறைய எல்எஸ்டி வேலையைச் செய்கிறது. சக்கரம் முதலில் சுற்றினால்தான் அதற்கு விழிப்பு வரும். நீண்ட ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும். சில வண்டிகளில் லாக்கர் போட்டதும் இது அணைந்துவிடும், வாங்கும்போதே கேளுங்கள்.

என் ஓட்டு பின் அச்சு லாக்கருக்கு. கரும்புப் பாதையோடு சரி என்பவர்களுக்கு நல்ல எண்ணெய் ஊற்றிய தட்டு எல்எஸ்டியே தாராளம். மாமா புதுத் தட்டுதான் போட்டுக்கொண்டார். சானிக்குப் போக என் வண்டி இருக்கிறதாம்.