பக்கத்து நகரத்தை முந்தியது எந்தக் கணக்கில்: ஏணிக் கேள்வியா, கூட்டுக் குறியீடா?

மகிழ்ச்சிப் பட்டியலில் பக்கத்து நகரத்தை முந்திவிட்டோம் என்று ஒரு மேயர் மார்தட்டினால், அது எந்த வகைப் பட்டியல் என்று முதலில் பாருங்கள்.

ஏணிக் கேள்வியில் 0 முதல் 10 வரை படிகள். உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் என்று மக்களிடமே கேட்பார்கள். உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இதன் மூன்றாண்டுச் சராசரியை வைத்துத்தான். நகர அளவில் சிக்கல், கேட்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை. நகரத்துக்கு 400 பேர், விடைகளின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விடைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2 என்றால், ஒரு சராசரியின் பிழை வரம்பு, அதாவது உண்மையான சராசரி அநேகமாக எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் என்ற கணக்கு, சுமார் ±0.2. இரு நகரங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கோ ±0.28. ஆக, 7.1க்கும் 6.9க்கும் நடக்கும் சண்டைக்கு அடிப்படையே இல்லை. கேள்வி வரிசையும் முக்கியம்: அரசியலைப் பற்றி முதலில் கேட்டுவிட்டால் மதிப்பெண் இறங்கிவிடும்.

கூட்டுக் குறியீடு வருமானம், பூங்கா, பயண நேரம் எல்லாவற்றுக்கும் எடை (எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்ற எண்) போட்டுக் கூட்டுகிறது. எடையை லேசாக மாற்றினால் வரிசையே புரளும். (போட்டவர் யார் என்பதையும் பாருங்கள்.) இங்கே வீடு, அங்கே வேலை என்றிருப்பவரின் உழைப்பு அந்த நகரத்தின் உற்பத்தியில் சேரும், பயண அலுப்பு இந்த நகரத்தின் கணக்கில் விழும்.

அண்டை நகரங்களுக்கு ஏணிக் கேள்வியே மேல். நகரத்துக்கு 1,600 பேரைக் கேட்டால் வித்தியாசத்தின் பிழை வரம்பு ±0.14க்கு இறங்கும்.