தமிழ் சப்டைட்டில் வேலையில் விஸ்பர்: நாள்பட்ட அனுபவம்

ஆவணப்படங்களுக்கும் பேட்டிகளுக்கும் சப்டைட்டில் போடுவது என் தொழில். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மாடலை ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே பிடித்துக்கொண்டேன், இன்னும் விடவில்லை. தமிழுக்கு ஒத்துவருமா என்று கேட்டால், வரும். ஆனால் விரலுக்கு மிச்சமான வேலை காதுக்குப் போய்விடும்.

முன்பு ஒரு மணி நேரப் பேட்டியைத் தட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது ஓடவிட்டு டீ குடித்து வந்தால் நேரக்குறியோடு கோப்பு தயார். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் திறந்து திருத்த வேண்டியதுதான். சொந்தக் கணினியிலேயே ஓடுவதால், வெளிவராத படத்தின் ஒலியை எவர் சர்வருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. எனக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

விஸ்பர் பல அளவுகளில் கிடைக்கிறது. சின்ன மாடல்களைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். லார்ஜ் என்ற பெரிய மாடலை எடுங்கள், அதற்குக் கிராபிக்ஸ் கார்டில் சுமார் 10 ஜிபி நினைவகம் வேண்டும். 2024இல் வந்த டர்போ மாடலில், எழுத்தை உருவாக்கும் பகுதியான டிகோடரின் அடுக்குகளை 32இலிருந்து 4ஆகக் குறைத்திருப்பதால் பறக்கும். ஆனால் அதற்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தரப்படவில்லை, நேராக ஆங்கில சப்டைட்டில் வேண்டுமானால் உதவாது.

மொழியைத் தமிழ் என்று நீங்களே குறித்துவிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 விநாடியைத்தான் கேட்கும். அங்கே ஆங்கில அறிமுகம் இருந்தால் முழுப் படமும் போச்சு. ஊர்ப்பெயர், ஆள்பெயர்களை முன்குறிப்பாகக் கொடுக்கலாம். அதற்கு 224 டோக்கன்தான் இடம் (மாடல் எழுத்தை நறுக்கிப் படிக்கும் சிறு துண்டுதான் டோக்கன்), தமிழ் எழுத்துகளோ டோக்கனை விழுங்கும். அதனால் அடிக்கடி வரும் பெயர்களை மட்டும் போடுவேன்.

ல, ள, ழ குழப்பம் எனக்குப் பெரிய தலைவலி இல்லை, கண்ணில் பட்டுவிடும். வில்லங்கமே பிழையில்லாததுபோலத் தெரியும் வாக்கியங்களில்தான். இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியில் பழகிய முதல் விஸ்பர் முதலே, அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிப்பதுதான் இதன் வழி. ஒலி மங்கினால் வெற்றிடம் விடாது. யாரும் சொல்லாத ஒன்றை அழகாக எழுதி வைக்கும். ஓப்பன்ஏஐ வெளியிட்ட மாடல் அறிக்கையிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. மௌனமான இடங்களை முன்கூட்டியே வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு, எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் திரையைப் பார்க்கிறேன். படித்துக்கொண்டே கேட்டால் திரையில் இருப்பதே காதிலும் விழுகிறது.

வட்டார வழக்கு இன்னொரு கதை. கரிசல்காட்டுப் பாட்டி "வந்துட்டாவ" என்பார்; "வந்துவிட்டார்கள்" என்று எழுதப்பட்டிருக்கும். ஆங்கில சப்டைட்டில் என்றால் பரவாயில்லை. காது கேளாதவர்களுக்கான தமிழ் வரிகளில் அந்தப் பாட்டியே காணாமல் போய்விடுகிறார். அதையெல்லாம் கையால்தான் மீட்கிறேன், இதற்குக் குறுக்குவழி எதுவும் அமையவில்லை.

கூலி விஷயம். "அதான் ஏஐயே போட்டுடுதே" என்று பாதி ரேட் பேசும் தயாரிப்பாளர்கள் வரத்தான் செய்கிறார்கள். தட்டச்சுக்கு இப்போது நான் காசு கேட்பதில்லை. சரிபார்ப்புக்கு, படத்தின் நிமிடக் கணக்கில் கேட்கிறேன். பேரம் நீண்டால் அவர்கள் படத்திலிருந்தே ஐந்து நிமிடத்தைத் திருத்தாமல் அனுப்பிவைப்பேன். பெரும்பாலும் அதோடு படிந்துவிடும். சட்டை மைக்கில் ஒருவரே பேசும் தெளிவான பேட்டி என்றால் நானே ரேட்டைக் குறைத்துக்கொள்கிறேன், அதுதான் நியாயம். திருவிழாக் கூட்டத்தில் எடுத்த காட்சி என்றால் விஸ்பரைத் திறப்பதே இல்லை, பழையபடி ஹெட்போனும் விசைப்பலகையும்தான்.