உறைந்த ஸ்டீக்: கறியில் குறையில்லை, கொண்டுவந்து தரும் விதத்தில்தான்

ஐஸில் வைத்த கறி என்றாலே பழைய கறி என்று முகம் சுளிப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். காலையில் வெட்டி, காலையிலேயே வாங்கி, மதியம் குழம்பு வைத்தால்தான் கறி என்று வளர்ந்தவர்கள் நாம். ஆட்டுக்கறிக் குழம்புக்கு அது சரி. ஸ்டீக்குக்கு, அதாவது கனமாக வெட்டிக் கல்லில் சுடும் துண்டுக்கு, அது சரிப்படாது. பெங்களூரில் வெகுநாளாக ஆன்லைனில் உறைந்த ஸ்டீக் வாங்குகிறவன் என்பதால், ஒயிட்ஃபீல்டுக்குப் புதிதாகக் குடிவந்த நண்பன் "வாங்கலாமாடா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம் வந்த பாக்கெட்டால் இன்னும் கோபமாக இருக்கிறேன். ஆனாலும் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

பாக்கெட்டில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நான் வாங்குவது எருமைக்கறி. பிரித்துப் பார்த்தால் தெரியும்: கறி அடர்ந்த சிவப்பு, கொழுப்பு வெள்ளை வெளேர் என்றிருக்கும். 2021 முதல் கர்நாடகச் சட்டப்படி பசு, காளை, எருது எதையும் வெட்டக்கூடாது. 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டுமே அனுமதி. வயதான எருமை என்றால் நார் முற்றியிருக்கும். குழம்பில் மணிக்கணக்காக வேகவைத்தால் அது கரையும். ஸ்டீக் சில நிமிடங்களில் வெந்து முடிகிற சமாச்சாரம், அங்கே கரைய நேரமில்லை. அதனால் தொடைப் பகுதி வேண்டவே வேண்டாம். அண்டர்கட் மட்டும் வாங்குங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் ஓடும் அந்தத் தசைக்கு உழைப்பே கிடையாது. எருமைக்கு எவ்வளவு வயதானாலும் அது ஓரளவு மிருதுவாகவே இருக்கும்.

சிவாஜிநகர் கறிக்கடையிலும் அண்டர்கட் கிடைக்கும், அதுவும் பாதி விலைக்குக் குறைவாக. பிறகு எதற்கு ஆன்லைன்? வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு தளர்ந்து, கறியிலேயே உள்ள நொதிகள் நாரை மெல்ல அறுத்து மிருதுவாக்குவதற்கு ஒரு வாரமாவது ஆகும். நான் வாங்கும் இடத்தில் காற்றை உறிஞ்சிய பையில் போட்டு, உறையாத குளிரில் நாள்கணக்காக வைத்திருந்து, அப்புறம்தான் உறைய வைக்கிறார்கள். அதுவும் நம் வீட்டு ஃப்ரீசர் மாதிரி இல்லை, மைனஸ் 35, 40 டிகிரிக் குளிர்காற்றில் வேகமாக. வேகமாக உறைந்தால் பனித்துகள் பொடியாக இருக்கும், கறிக்குள் எதையும் கிழிக்காது. முறையாக வந்து சேர்ந்த ஒரு பாக்கெட்டை ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, மறுநாள் ஈரம் துடைத்து, உப்பு மட்டும் போட்டு, புகை கிளம்பும் அளவுக்குக் காய்ந்த இரும்பு தோசைக்கல்லில் போட்டுப் பாருங்கள். எருமையில் கொழுப்பு குறைவு, அதனால் உள்சூடு 55 டிகிரி பக்கத்தில் வந்ததுமே எடுத்துவிட வேண்டும். 65ஐத் தாண்டினால் காய்ந்து போகும். பட்டர், நாலு பல் பூண்டு, நிறைய மிளகு, ஐந்து நிமிடம் ஓய்வு. ஸ்டீக்குக்குப் பேர்போன இந்த ஊர் ஹோட்டல்களில் தின்றதைவிட வீட்டில் அருமையாக வந்திருக்கிறது. இதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

பை பிரித்ததும் கறி கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா கலந்து இருக்கும். பயப்பட வேண்டாம், காற்றுப் படாததால் வந்த நிறம். அரை மணி நேரத்தில் சிவந்துவிடும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். பாக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் "மைனஸ் 18 டிகிரியில் வைக்கவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை அனுப்புவதோ இரண்டு ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே. அந்த ஜெல் கிட்டத்தட்ட தண்ணீர்தான். சுழியம் டிகிரியில் இளகும். உறையாத கோழியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க அது போதும். மைனஸ் 18இல் இருக்கும் பொருளைக் கல்லாகவே வைத்திருக்க அதனால் முடியவே முடியாது. கறி சுழியத்துக்குக் கீழேயே இளக ஆரம்பிக்கும். சில்க் போர்டு நெரிசலில் வெயிலில் நின்று வரும் வண்டியில் என்ன ஆகும்? கையில் வாங்கும்போது ஓரம் அழுத்தினால் உள்ளே போகிறது. நடுப்பகுதியில் பனி இருக்கும்வரை அதைத் திரும்ப ஃப்ரீசரில் வைப்பதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைக்கும், பனி பெரிய துகள்களாக வளரும், தசை கிழியும். அடுத்த முறை இளக்கும்போது தட்டில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அது ரத்தமில்லை, கறியின் சாறு. நாம் காசு கொடுத்து வாங்கியதே அந்தச் சாற்றுக்காகத்தான்! கிடங்கில் அவ்வளவு அக்கறையாக வேகமாக உறைய வைத்ததெல்லாம் கடைசி ஒரு மணி நேரத்தில் வீண்.

போன வாரம் வந்ததில் இன்னொன்றும் கண்டேன். கறி கல்லு மாதிரிதான் இருந்தது. ஆனால் பையின் ஒரு மூலையில் சிவப்பு ஐஸ் கட்டியிருந்தது. அப்படியென்றால் என்னிடம் வருவதற்கு முன்பே எங்கோ ஒருமுறை இளகி, சாறு வடிந்து மூலையில் சேர்ந்து, திரும்ப உறைந்திருக்கிறது. இளக்கிச் சுட்டேன். வெளியே தீய்ந்து, உள்ளே சக்கை. நீங்களும் வாங்கினால் வாசலிலேயே அந்த மூலையைப் பாருங்கள். சிவப்பு ஐஸ் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கொண்டுவரும் பையனிடம் கோபப்படாதீர்கள், அவன் கையில் கொடுத்த பையைத்தான் அவன் கொண்டுவருகிறான்.

வாடிக்கையாளர் சேவைக்கு ஒவ்வொரு முறையும் படத்தோடு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவித்து, செயலியின் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறார்கள். நான் பணம் கேட்கவே இல்லை. டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போடுங்கள், அதற்கு ஆகும் செலவை என்னிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன். மைனஸ் 78 டிகிரிக் குளிர் அது. காற்றுப் போக வழியுள்ள பெட்டியில் ஒரு துண்டு வைத்தால் மடிவாளாவிலிருந்து ஹெப்பால் வரை கறி அசையாமல் வரும். பதில் இல்லை.

பெங்களூரில் நான் சுட்ட ஸ்டீக்குகளில் சிறந்ததெல்லாம் இவர்கள் கறிதான். ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த வெயில் காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். சிவாஜிநகர் பாயிடம் முந்தின நாளே சொல்லிவைத்து முழு அண்டர்கட்டாக, வெட்டாமல் வாங்குங்கள். ஒரு கம்பித்தட்டின் மேல் வைத்து, மூடாமல், ஃப்ரிட்ஜின் குளிர் அதிகமான தட்டில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஒரு வாரம் பதப்பட்ட கறியின் பக்குவம் அதற்கு வராது, விறைப்பு மட்டும் போயிருக்கும். இப்போதைக்கு நான் அப்படித்தான் வாங்குகிறேன். டிரை ஐஸில் அனுப்புகிறோம் என்று அவர்கள் சொல்லும் அன்றைக்கே திரும்ப ஆர்டர் போடுவேன்.