டெக்சாஸில் 1200 சிசி: மிராஜ் ஓட்டிய அனுபவம்

ஹூஸ்டனில் மிட்சுபிஷி மிராஜ் வைத்திருக்கிறேன் என்றால், இங்கிருக்கும் நம்மூர்க்காரர்களே "அது என்ன வண்டி?" என்கிறார்கள். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், 78 குதிரைத்திறன். இந்தியாவில் இது சர்வசாதாரணமான அளவு. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருந்தால் பெட்ரோல் காருக்கு வரி குறைவு என்பதால், அங்கே 1197, 1199 என்று கோட்டைத் தாண்டாமல் எஞ்சின் செய்கிறார்கள்.

ஊருக்குள் ஓட்ட அருமை. நகரம், நெடுஞ்சாலை இரண்டும் சேர்ந்த அரசு மதிப்பீடு கேலனுக்கு 39 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 16.5 கி.மீ. எனக்கும் அதை ஒட்டியே கிடைக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசாக நடுக்கம் தெரியும். மூன்று சிலிண்டருக்கு அது சகஜம்.

ஃப்ரீவே ஏறும்போதுதான் கதை வேறு. ராம்ப் எனும் ஏறுவழி தொடங்கும்போதே முழுசாக மிதித்துவிட வேண்டும். சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக், என்பதால் எஞ்சின் உச்சத்தில் கத்தும், வேகமுள் தன் பாட்டுக்கு நிதானமாக ஏறும். நான்கு பேர், ஆகஸ்ட் வெயில், ஏசி என்றால் பின்னால் வரும் பிக்கப் டிரக்கின் முன்பக்க கிரில்தான் கண்ணாடி முழுக்க. ஆஸ்டினிலிருந்து செகீன் போகும் ஸ்டேட் ஹைவே 130இல் வேக வரம்பே 85 மைல், 137 கி.மீ.! நான் வலது லேனில் 70இல் போய்விடுவேன்.

ஆனால் அமெரிக்காவில் சின்ன எஞ்சின் கார்கள் அரிதாக இருப்பதற்குச் சாலைதான் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல இடங்களில் வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலை உள்ள ஜெர்மனியில் ஒரு லிட்டர் டர்போ கார்கள் நன்றாகவே ஓடுகின்றன. சின்ன எஞ்சின் வாங்குகிறவனுக்கு இங்கே சலுகை ஏதும் இல்லை, அதுதான் விஷயம். ஜப்பானில் 660 சிசிக்குள் அடங்கும் 'கெய்' எனும் குட்டி காருக்கு ஆண்டு வரி குறைவு. டெக்சாஸில் 6,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட எந்தக் காருக்கும் அடிப்படைப் பதிவுக் கட்டணம் ஒன்றுதான், சிசியை யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் மீதான மத்திய வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட், ஏறவே இல்லை. போதாக்குறைக்கு, கார் கம்பெனிகளுக்கான மைலேஜ் இலக்கை அரசு நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து நிர்ணயித்தது. வண்டி சிறிதானால் இலக்கு கடுமை, பெரிதானால் தளர்வு. அப்புறம் எந்தக் கம்பெனி சின்ன கார் செய்யும்?

மிராஜும் 2024 மாடலோடு இங்கே நின்றுவிட்டது. பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு: ஊருக்குள் ஓட்டத்தான் என்றால் தாராளமாக வாங்கலாம். வாராவாரம் டாலஸ் போய்வருபவர் என்றால் 2 லிட்டர் எஞ்சின் வண்டி பாருங்கள். அடிப்படை மாடலில் டயர் 14 அங்குலம். கடையில் கையிருப்பு இருக்காது, முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுங்கள்.