மலை ஏறும், நெடுஞ்சாலையில் திணறும்: என் டாடாமொபைல் 206

பழைய பிக்கப் வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மலை ஏறுமா?" ஏறும். அலட்டிக்கொள்ளாமல் ஏறும். மலை அடிவாரம் வரை நெடுஞ்சாலையில் போகப் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. அம்பத்தூரில் நிற்கும் என் டாடாமொபைல் 206-இல் பல வருடங்களாக ஜவ்வாது மலைக்குப் போய்வருகிறேன். சித்திரை வெயில், ஐப்பசி மழை, மார்கழிப் பனி எல்லாவற்றிலும் ஓட்டியாகிவிட்டது. இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வண்டி. 1988-இல் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், கொண்டுவந்த பிக்கப் இது. 1,948 சிசி, நான்கு சிலிண்டர் டீசல். டர்போ கிடையாது, அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன். என் வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை, ஏசி இல்லை, கேபினில் இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டும் உட்காரலாம். 1991-இல் வந்த சியராவும் அடுத்த வருடம் வந்த எஸ்டேட்டும் இதன் வழிவந்தவை. 1994-இல் வந்த சுமோவுக்கும் இதே என்ஜின்தான். இந்தக் குடும்ப வரலாறு வெறும் பெருமைக்கு இல்லை, ஸ்பேர் தேடும்போது கைகொடுப்பதே இதுதான்.

வின்டேஜ் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயதைத் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. என்னுடையது மஞ்சள் போர்டு சரக்கு வண்டி. சட்டத்தின் கண்ணில் இது ஒரு கிழட்டு லோடு வண்டி, அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே அலுப்பு. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர் வழியாக வாணியம்பாடி வரை 65 கிலோமீட்டர் வேகம்தான் வண்டிக்கு இதமானது. 75-க்கு மேல் போனால் என்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆம்னி பஸ் ஒன்று உரசிக்கொண்டு தாண்டினால் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கி மறுபடி நேராகும். டோல்கேட்டில் காரைவிடக் கட்டணம் கூட. வெயில் ஏறிவிட்டால் கால்பக்கம் அடுப்படிதான். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, வெயிலுக்கு முன் வாணியம்பாடியைப் பிடிப்பதுதான் ஒரே வழி.

அங்கிருந்து ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று ஏறும் பாதையில் கதை மாறுகிறது. இந்தச் சாலையில் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய புது எஸ்யூவியும் 30, 40-க்கு மேல் போக முடியாது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு, நடுவில் ஆடு, மாடு, சாலையில் காயப்போட்ட தானியம். நெடுஞ்சாலையில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவர்கள் எல்லோரும் இங்கே எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

ஏற்றத்தில் எல்லாமே இரண்டாவது கியர்தான். மூன்றாவதில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஏறும், ஆனால் கரும்புகை கக்கி, உறுமி, கஷ்டப்பட்டு ஏறும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் விசிறியும் தண்ணீர் பம்பும் பெல்ட் வழியாக என்ஜினோடு சேர்ந்து சுற்றுபவை. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் அவையும் மெதுவாகத்தான் சுற்றும். மலையில் வண்டி மெதுவாகப் போவதால் முன்னாலிருந்து காற்றும் வராது. ஆகவே கியரைக் குறைத்து என்ஜினைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விடுவதுதான் சூட்டைக் குறைக்கும். "பாவம், கத்துதே" என்று இரக்கப்பட்டு மேல் கியர் போடுபவர்களின் வண்டிதான் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்கும். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர்தான், அதனால் டர்போ இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. 2,200 மீட்டரைத் தாண்டும் ஊட்டி வேறு விஷயம், அங்கே காற்றே மெலிந்துவிடும்.

சூடு ஏறும் தொல்லை எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. காரணம் மலை இல்லை, சென்னைத் தண்ணீர். முன்பு வைத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்துக்கிடந்தது. ரேடியேட்டரின் உள்குழாய்த் தொகுதியான கோரை மாற்றி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றிய பிறகு சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை.

இறக்கம்தான் நிஜமான பரீட்சை. நான் பெரும்பாலும் போளூர் பக்கமாக இறங்கி ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகத் திரும்புவேன். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு, இன்னும் ஒரு படி மேலே போய் என்ஜினையும் அணைத்துவிட்டு இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெட்ரோல் என்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் காற்று உள்ளே போகும் வழியிலேயே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, அதற்கென்று தனி வாக்குவம் பம்ப் வேண்டும், அது என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மூன்று முறை பிரேக் மிதித்தால் பூஸ்டரில் இருந்த வெற்றிடம் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். என்ஜின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கையே நம்பி இறங்கினாலும் ஆபத்துதான். டிரம் சூடாகி, லைனிங் கருகும் வாடை வந்துவிட்டால் நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

காலியாகப் போவது இன்னொரு வம்பு. பின்பக்கப் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங்குகள், பாரம் சுமக்கச் செய்தவை. பாரம் இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்பக்கம் எகிறும், மழை ஈரத்தில் வளைவில் வழுக்கப் பார்க்கும். பின் அச்சுக்கு நேர் மேலே நான்கு மணல் மூட்டைகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி சமர்த்தாகிவிடும். கட்டாமல் சும்மா போட்டால் அவையே உருண்டு வந்து கேபினை இடிக்கும்.

ஸ்டியரிங் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஓடும்போது பயமில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசு பஸ் வந்து, பின்னால் எடுக்க வேண்டி வந்தால்தான் தோள்பட்டை பேசும். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் சொல்கின்றன. பஸ் டிரைவர்கள் அதைப் பெரும்பாலும் மதிக்கிறார்கள். "நீ வாப்பா, பழைய வண்டி" என்று கையசைத்து வழிவிட்டவர்களும் உண்டு. சட்டமா இரக்கமா தெரியவில்லை, எதுவானாலும் சரி.

வண்டி லோடு வண்டியாகத் தெரிவதால் மலையில் கிடைக்கும் மரியாதையே வேறு. பலாப்பழக் காலத்தில் ஜமுனாமரத்தூரில் நிறுத்தினால் போதும், "அண்ணா, கீழ போகுதா? நாலு பழம் ஏத்திக்கலாமா?" என்று வந்துவிடுவார்கள். பழத்தை ஏற்றலாம், ஆளைப் பின்னால் ஏற்றுவது சட்டப்படி கூடாது. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு டீ முடிந்துவிடும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். சந்தனத்துக்குப் பேர்போன மலை இது, திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நியாயம்தான். மணல் மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். திரும்பும்போது என் லோடு எப்போதும் ஒரு மூட்டை சாமையும் கொஞ்சம் தேனும்.

இருட்டிய பிறகு மலையில் இதை ஓட்டுவதில்லை. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வைத்திருக்கும் வானியல்காரர்களுக்கு இருட்டு வேண்டும். என் ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சத்துக்கு இருட்டு ஆகவே ஆகாது. ரிலே போட்டுத் தனி வயர் இழுத்ததில் கொஞ்சம் தேறியது, ஆனாலும் பழைய கண்ணாடிக்கு ஓர் எல்லை உண்டு.

ஸ்பேர் விஷயத்துக்கு வருவோம். புதுசு வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை. என்ஜின் சாமான்களுக்குச் சுமோ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பாடி சாமான், கதவு ரப்பர், டாஷ்போர்டு பொத்தான் இவைதான் அகப்படாது. புதுப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம், "பாய், இந்தக் கதவுக் கண்ணாடிக்கு ரப்பர் எப்பதான் வரும்?" என்று கேட்டால், "தம்பி, இதே வண்டி இன்னொண்ணு உடைக்க வந்தாத்தான் உண்டு. நீ உன் வண்டிய குடுத்தாலும் சரி" என்பார். இரண்டாவது யோசனையை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மழையில் இடது கதவு ஒழுகுவது தொடர்கிறது.

வாங்க நினைப்பவர்கள் என்ஜினைவிடத் தரையைப் பாருங்கள். கடல் காற்று சேஸிஸை அரித்துத் தின்னும். கால்மிதியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி எந்த ஏரியாவில் நின்றது என்றும் கேளுங்கள். 8 வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும், பழைய வண்டிக்கான கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. லிட்டருக்கு 11, 12 கிலோமீட்டர் கிடைக்கும். ஒரே வண்டியாக வைத்து ஆபீசுக்கும் மலைக்கும் ஓட்ட நினைத்தால் வேண்டாம். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, விடியற்காலை எழும் பழக்கமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் இடத்திலுள்ள ஷேக்கிள் புஷ் நான்கையும் மாற்ற வேண்டும், பட்டை கிறீச்சிடத் தொடங்கியிருக்கிறது. அது முடிந்ததும் வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறும் காட்டுப் பாதை. அது இன்னும் குறுகல், மணல் மூட்டை கூட இரண்டு வேண்டியிருக்கும்.